பிரான்சின் மொழிச் சட்டங்களில் இலக்கு மாற்றம் (1539–2021)

ஆய்வுச் சுருக்கம்

பிரெஞ்சு மொழியின் தனியாட்சி 1539ஆம் ஆண்டின் வில்லேர்-கொத்ரே அரசாணையில் தொடங்கி ஒரே நேர்க்கோட்டில் வளர்ந்ததாகக் கருதுவது வழக்கம். இச்சட்டங்களின் சூழல்களை ஒப்புநோக்கினால் அவை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு மொழிகளை எதிர்கொண்டு இயற்றப்பட்டமை புலனாகிறது. முதலில் இலத்தீனும், அடுத்து வட்டார மொழிகளும், இறுதியில் ஆங்கிலமும் இலக்காயின. இலக்கு மாறியபோதும் இழப்பு வட்டார மொழிகளையே சேர்ந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: மொழிச் சட்டம், வில்லேர்-கொத்ரே, பிரெஞ்சுப் புரட்சி, கிரெகுவார், பிரெத்தோன், ஒக்சித்தான், வட்டார மொழிகள்.

முன்னுரை

இன்றைய பிரான்சின் எல்லைக்குள் ஒரு மொழி மட்டுமே வழங்கிய காலம் இருந்ததில்லை. வடக்கே ஒயில் மொழிகளும் தெற்கே ஒக் மொழியும் இலத்தீனிலிருந்து கிளைத்தன. மேற்கு முனையில் கெல்திய இனத்தைச் சேர்ந்த பிரெத்தோன் மொழியும், கிழக்கே அல்சாசில் செருமானிய வழக்கும், பிரனீசு மலைச்சாரலில் எம்மொழிக் குடும்பத்தையும் சாராத பாஸ்க் மொழியும் வழங்கின. ஒக் மொழியாகிய ஒக்சித்தான், 12ஆம் நூற்றாண்டிலேயே துருபதூர் பாடகர்களின் வழியாக ஐரோப்பிய அகப்பாடல் மரபுக்கு வழிகாட்டியது. ஆகவே, வட்டார மொழிகள் பிரெஞ்சின் சிதைந்த வடிவங்கள் என்ற கருத்து மொழிவரலாற்றுக்குப் பொருந்தாதது. அக்கருத்து சட்டத்தின் துணையுடன் எவ்வாறு வேரூன்றியது என்பதே இங்கு எழும் வினா.

இலத்தீனை நீக்கிய அரசாணை

முதலாம் பிரான்சுவா மன்னர் 1539 ஆகஸ்டில் பிறப்பித்த வில்லேர்-கொத்ரே அரசாணை 192 கூறுகளைக் கொண்டது. அது முதன்மையாக நீதித்துறைச் சீர்திருத்த ஆணை. தீர்ப்புகள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக எழுதப்பட வேண்டும் என்கிறது 110ஆம் கூறு. இலத்தீன் சொற்களைப் புரிந்துகொள்வதில் அடிக்கடி ஐயம் எழுவதால், நீதிமன்ற ஆவணங்கள் அனைத்தும் பிரெஞ்சுத் தாய்மொழியில் மட்டுமே அமைய வேண்டும் என்கிறது 111ஆம் கூறு. வழக்காடுவோர் தம் தீர்ப்பைத் தாமே அறிய வேண்டும் என்பதே இதன் வெளிப்படையான நோக்கம்.

‘பிரெஞ்சுத் தாய்மொழி’ என்னும் தொடரின் பொருள் ஆய்வாளரிடையே விவாதத்துக்குரியது. அது அரசவை மொழியை மட்டும் குறிக்கிறது என்பது ஒரு சாரார் கருத்து. பிரான்சு நாட்டு மக்களின் தாய்மொழிகள் எதையும் குறிக்கலாம் என்பது மறுசாரார் கருத்து. முந்தைய ஆணைகள் இரண்டாம் கருத்துக்கு வலுச்சேர்க்கின்றன. 1510ஆம் ஆண்டின் ஆணை குற்றவியல் விசாரணைகளில் அந்தந்த நாட்டு மக்கள் மொழியை ஏற்றது. 1535ஆம் ஆண்டின் ஆணை பிரெஞ்சு அல்லது குறைந்தது அந்நாட்டு மக்கள் மொழி என்று கூறியது. 1539இல் அந்த மாற்று வாய்ப்பு தெளிவாகச் சொல்லப்படவில்லை. நடைமுறையில் தென்பகுதி எழுத்தர்கள் ஒக்சித்தானைக் கைவிட்டுப் பிரெஞ்சுக்கு மாறினர். எனினும் மக்களின் அன்றாடப் பேச்சில் மன்னராட்சி தலையிடவில்லை. ஆவணத்தின் மொழி ஒன்றாகவும் வீட்டின் மொழி வேறாகவும் இருப்பதை அது இயல்பாகவே கொண்டது.

சமத்துவத்தின் பெயரால்

வீட்டு மொழியை அரசின் சிக்கலாக்கியது புரட்சியே. தொடக்கத்தில் அதன் போக்கு வேறாக இருந்தது. ஆணைகளைப் பல்வேறு வட்டார மொழிகளில் பெயர்த்து வெளியிடுமாறு 1790 சனவரி 14 அன்று தேசியப் பேரவை முடிவெடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் கத்தோலிக்கக் குருவான கிரெகுவார், வட்டார வழக்குகள் குறித்து 43 வினாக்கள் கொண்ட படிவத்தை நாடெங்கும் அனுப்பினார். பிரெஞ்சுத் தேசிய மொழியை அறியாதோர் குறைந்தது 60 இலட்சம் பேர், அதில் தொடர்ந்து உரையாட இயலாதோர் ஏறத்தாழ அதே அளவினர், தூய்மையாகப் பேசுவோர் 30 இலட்சத்துக்கு மேற்படாதோர் என்பது 1794 சூன் 4 அன்று அவர் அளித்த அறிக்கையின் கணிப்பு. வட்டார வழக்குகளை ஒழித்துப் பிரெஞ்சைப் பொதுவாக்குவதன் தேவையையும் வழிகளையும் பற்றியது அவ்வறிக்கை என்பதை அதன் தலைப்பே அறிவித்தது.

யூதர்களின் குடியுரிமைக்காகவும் அடிமை முறை ஒழிப்புக்காகவும் போராடியவர் கிரெகுவார் என்பது இங்கு நோக்கத்தக்கது. சட்டத்தை அறியாதவன் குடிமகனாக முடியாது. மொழியை அறியாதவன் சட்டத்தை அறிய முடியாது என்பதே அவர் வாதத்தின் சாரம். இவ்வாறு வட்டார மொழிகளின் அழிவு விடுதலையின் பகுதியாகக் காட்டப்பட்டது. 1794 சனவரி 27 அன்று பரேர் அளித்த அறிக்கை இன்னும் கடுமையானது. அது பிரெத்தோன், பாஸ்க், செருமானிய, இத்தாலிய மொழிகளை மூடநம்பிக்கையோடும் மதவெறியோடும் எதிர்ப்புரட்சியோடும் இணைத்துக் கண்டித்தது. அரசு ஆவணங்களைப் பிரெஞ்சில் மட்டுமே எழுத வேண்டும் என்ற 1794 சூலை 20ஆம் நாள் சட்டம் இரு திங்களுக்குள் நிறுத்தி வைக்கப்பட்டது. ஆனால் வட்டார மொழி குடியரசுக்கு எதிரானது என்ற கருத்து நிலைத்துவிட்டது.

பள்ளியும் கோயிலும்

அக்கருத்தைச் செயலாக்கும் கருவி 19ஆம் நூற்றாண்டில் கிட்டியது. 1863ஆம் ஆண்டின் அரசுக் கணக்கெடுப்பின்படி, 37,510 ஊராட்சிகளுள் 8,381இல் பிரெஞ்சு பேசப்படவில்லை என்பதை வரலாற்றாசிரியர் யூஜின் வெபர் எடுத்துக்காட்டுகிறார். ழூல் ஃபெரியின் 1881, 1882ஆம் ஆண்டுச் சட்டங்கள் தொடக்கக் கல்வியை இலவசமாகவும் கட்டாயமாகவும் சமயச் சார்பற்றதாகவும் ஆக்கின. உழவர் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தந்த அதே வகுப்பறையில் அவர்தம் தாய்மொழி தண்டனைக்குரிய குற்றமாயிற்று. பிரெத்தோன் பேசிய மாணவன் கழுத்தில் ‘அடையாளம்’ எனப்பட்ட பொருள் ஒன்று மாட்டப்பட்டது. அடுத்து அம்மொழியைப் பேசும் தோழனைக் காட்டிக்கொடுத்தால்தான் அவன் அதிலிருந்து விடுபட முடியும். தாய்மொழியை இழிவாக எண்ணும் மனநிலையைச் சட்டத்தைவிட ஆழமாக விதைத்தது இவ்வழக்கமே எனலாம்.

மொழிப்பகை சமயப்பகையோடும் பின்னியிருந்தது. மறையுரையிலும் மறைக்கல்வியிலும் பிரெத்தோனைப் பயன்படுத்துவதற்கு எதிராக 1902இல் எமில் கோம்ப் அரசு சுற்றறிக்கை விடுத்தது. 1801 உடன்படிக்கையின்படி குருக்களுக்கு அரசே ஊதியம் வழங்கியதால், அதை நிறுத்திவைப்பது தண்டனையாகப் பயன்பட்டது. 1905ஆம் ஆண்டின் சட்டம் அரசையும் திருச்சபையையும் பிரித்தபோது அக்கருவி அரசின் கையைவிட்டு நழுவியது.

ஆங்கிலத்துக்கு எதிரான கேடயம்

1951ஆம் ஆண்டின் தெக்சோன் சட்டம் பிரெத்தோன், பாஸ்க், கத்தலான், ஒக்சித்தான் ஆகியவற்றை விருப்பப் பாடமாகக் கற்பிக்க முதன்முறையாக இடமளித்தது. இந்நெகிழ்வு வளர்ந்துவந்த நிலையில்தான் 1992 சூன் 25 அன்று, குடியரசின் மொழி பிரெஞ்சு என்னும் தொடர் அரசியலமைப்பின் 2ஆம் பிரிவில் சேர்க்கப்பட்டது. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை ஏற்பதற்கான திருத்தம் அது. ஆங்கிலத்தின் பெருக்கம் குறித்த அச்சமே அத்தொடருக்குத் தூண்டுதல். 1994ஆம் ஆண்டின் தூபோன் சட்டம் விளம்பரம், பணியிடம், கல்வி ஆகியவற்றில் பிரெஞ்சைக் கட்டாயமாக்கிய அதே வேளையில், வட்டார மொழிகளின் பயன்பாட்டைத் தான் எதிர்க்கவில்லை என்று 21ஆம் கூறில் தெளிவுபடுத்தியது. அரசியலமைப்புத் தொடரில் அத்தகைய காப்பு இல்லை.

அதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. வட்டார, சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தின் கூறுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என 1999 சூன் 15 அன்று அரசியலமைப்பு மன்றம் தீர்ப்பளித்தது. வட்டார மொழிகள் பிரான்சின் மரபுச் செல்வத்தைச் சார்ந்தவை எனும் 75-1ஆம் பிரிவு 2008இல் இணைக்கப்பட்டது. ஆனால் அப்பிரிவு எவ்வுரிமையையும் ஏற்படுத்தவில்லை என 2011இல் அம்மன்றம் விளக்கியது. 2021 மே 21 அன்று, மொலாக் சட்டத்தில் இடம்பெற்ற வட்டார மொழிவழி முழுமூழ்கல் கல்வி முறையை 2ஆம் பிரிவைச் சுட்டியே நீக்கியது. 1977 முதல் பிரெத்தோன் வழிக் கல்வி அளித்துவரும் திவான் பள்ளிகளின் முறைக்கே இத்தீர்ப்பு அறைகூவலாயிற்று.

முடிவுரை

ஆய்வின்வழிப் பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. 1539ஆம் ஆண்டின் ஆணை இலத்தீனையும், 1794ஆம் ஆண்டின் அறிக்கைகள் வட்டார மொழிகளையும், 1992ஆம் ஆண்டின் திருத்தம் ஆங்கிலத்தையும் எதிர்கொண்டு எழுந்தவை. இவற்றை ஒரே கொள்கையின் படிநிலைகளாகக் கொள்வது பொருந்தாது.

2. வட்டார மொழிகள் நேரடி இலக்காக இருந்தது இரண்டாம் கட்டத்தில் மட்டுமே. ஆயினும் மூன்று கட்டங்களிலும் அவை இடமிழந்தன.

3. மொழிக்காப்புச் சட்டம் யாரிடமிருந்து காக்கிறது என்பதைத் தன் வாசகத்திலேயே வரையறுக்காவிடில், அதன் வலிமை எளிய மொழிகள் மீதே இறங்கும். தூபோன் சட்டத்தின் 21ஆம் கூறையும் அரசியலமைப்பின் 2ஆம் பிரிவையும் ஒப்பிடுகையில் இது தெளிவாகிறது.

4. ஆதிக்க மொழி ஒன்றின் முன் தன்னைக் காத்துக்கொள்ளும் மொழியே, தன் எல்லைக்குள் வழங்கும் சிறு மொழிகளுக்கு ஆதிக்க மொழியாகவும் அமையலாம். மொழியுரிமை பற்றிய ஆய்வுகள் இவ்விரு நிலைகளையும் ஒருங்கே கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.