காவல் நாய்களின் ஆகாரமும் மனநிலையும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளிக் கிராமங்களில் களத்தையும் தொழுவத்தையும் ஆட்டுக்கிடையையும் இரவில் காப்பவை நாய்களே. இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய பேர்போன ஜாதிகள் இத்தென்பகுதிக்கே உரியவை. எனினும் பலவிடங்களில் அவற்றிற்குக் கிடைப்பவை கஞ்சியும் சங்கிலியுமே.

ஆகாரம்: பன்னெடுங்காலம் மனிதனோடு வாழ்ந்தமையால் சோறு, கம்பு, கேழ்வரகு ஆகியவற்றை நாய் ஜீரணிக்க வல்லது. ஆனால் இவை மட்டும் தசையை வளர்க்கமாட்டா. முட்டை, மீன், மாமிசம் இவற்றுள் ஒன்றை வேகவைத்துக் கலத்தல் வேண்டும். 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சமைத்த உணவு நாளொன்றுக்குச் சுமார் 500 கிராம், இரு வேளையாக அளிக்கலாம். வேலை மிகுந்தால் அளவைக் கூட்டுக. மீந்த குழம்பை ஊற்றுதல் தவறு. அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் இரத்தத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் குத்தும். நாய் வியர்த்துக் குளிர்வதில்லை. நாக்கை நீட்டி இளைத்தே வெப்பம் தணிக்கும். ஆகையால் சித்திரை, வைகாசியில் நிழலும் தெளிந்த நீரும் இன்றியமையாதவை.

மனநிலை: இரவும் பகலும் கட்டுண்ட நாய் துணையும் வேலையுமின்றிச் சினம் மிகுந்து, கள்வனென்றும் அயலானென்றும் பாராது கடிக்கும். காலை மாலைகளில் அரைமணி நேரமேனும் வரப்போரம் மோப்பம் பிடித்து நடக்கவிடுதல் வேண்டும். குட்டியை 3 முதல் 14 வாரத்திற்குள் மனிதரோடும் ஆடுமாடுகளோடும் பழக்குக. அடித்துப் பழக்கிய நாய் அஞ்சும். அஞ்சிய நாயே முதலிற் கடிக்கும்.

வெறிநோய் கண்டபின் மருந்தில்லை. மூன்றாம் மாதத்தில் தடுப்பூசியிட்டு, கால்நடை மருத்துவர் கூறியவாறு ஆண்டுதோறும் புதுப்பித்தல் வேண்டும். கிராம அதிகாரிகள் இதனை ஊர்க்கூட்டத்தில் எடுத்துரைப்பது நலம்.