நமக்கென்று ஓர் இலக்கு



குழுக் கூட்டத்தில் "உட்கடன் எதுக்கு?" என்று கேட்டால் உடனே பதில் வரும். மகனுக்கு காலேஜ் ஃபீஸ், வீட்டுக்காரர் வண்டி ரிப்பேர், நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு மொய். எல்லாமே தேவைதான். "சரி, உனக்கு என்னம்மா வேணும்?" என்று அடுத்த கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் சிரிப்பார்கள். "எனக்கென்ன, புள்ளைங்க நல்லா இருந்தா போதும்" என்பார்கள்.

பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும். அதில் சந்தேகமில்லை. ஆனால் கடன் நம் பெயரில், தவணை நம் உழைப்பில். நமக்கென்று ஒரு இலக்கு மட்டும் ஏன் இருக்கக் கூடாது? இந்த மாதப் பாடம் இதுதான்.

ஆசை வேறு, இலக்கு வேறு

"தையல் கத்துக்கணும்" என்பது ஆசை. "வரும் தைப் பொங்கலுக்குள் என் ஜாக்கெட்டை நானே தைப்பேன்" என்பது இலக்கு. என்ன செய்யப் போகிறோம், எவ்வளவு, எப்போதைக்குள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். அது நம் கையில் உள்ள காரியமாகவும் இருக்க வேண்டும். "மகனுக்கு கவர்மெண்ட் வேலை கிடைக்கணும்" என்பது மகனின் இலக்கு, நம்முடையது அல்ல.

புதுக்கோட்டைப் பெண்கள் காட்டிய வழி

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் இதில் ஆர்வம் காட்டினார். கல்குவாரியில் வேலை பார்த்தவர்கள், விவசாயக் கூலிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள் என்று ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றார்கள். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள். கேலி பேசியவர்களும் இருந்தார்கள். ஆனால் ஒருத்தியாக இல்லாமல் கூட்டமாகக் கற்றதால் கேலி எடுபடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் தாங்களே போய் வந்தார்கள். நம் குழுவும் அப்படி ஒரு கூட்டம்தானே?

இலக்கை எப்படிப் பிரிப்பது?

எட்டாவதோடு படிப்பை நிறுத்திய 35 வயது உறுப்பினர் ஒருவர் பத்தாவது பாஸ் பண்ண நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தனித்தேர்வராக எழுதலாம், வயது அதிகம் என்று யாரும் தடுக்க முடியாது. 5 பாடங்கள், ஒவ்வொன்றிலும் 35 மார்க் வேண்டும். மொத்தமாகப் பார்த்தால் மலைப்பாக இருக்கும். அதனால் பிரித்துக்கொள்வோம்.

1. இந்த வாரம்: பழைய டி.சி., எட்டாவது சான்றிதழைத் தேடி எடுப்பது.

2. இந்த மாதம்: பக்கத்து அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் விண்ணப்பத் தேதியைக் கேட்பது. அறிவியல் செய்முறைப் பயிற்சிக்குத் தனியாகப் பதிய வேண்டும். அது தேர்வுக்குப் பல மாதம் முன்பே வந்துவிடும்.

3. தினமும்: ஒரு மணி நேரம் படிப்பு. கணக்கு கஷ்டமென்றால் அதற்கு வாரத்தில் மூன்று நாள்.

4. ஒரு பாடம் போய்விட்டாலும் பயப்பட வேண்டாம். அந்தப் பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாம்.

வீட்டில் "இந்த வயசுல எதுக்கு?" என்று கேட்பார்கள். அவர்களோடு சண்டையும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். "ராத்திரி 8-லிருந்து 9 வரைக்கும் நான் படிப்பேன், அந்த நேரம் பாத்திரம் யார் கழுவுறது?" என்று கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஏற்பாடு செய்யாவிட்டால் எந்த இலக்கும் நிற்காது.

பணம் தேவைப்படும் இலக்கு

தையல் மெஷினுக்கு 10,000 ரூபாய் வேண்டும் என்று வைப்போம். மாதம் 500 வீதம் ஓராண்டு தனியாகச் சேர்த்தால் 6,000. மீதி 4,000-க்கு மட்டும் உட்கடன் போதும். நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி என்றால் முதல் மாத வட்டி 40 ரூபாய். முழுவதையும் கடனாக எடுத்தால் 100 ரூபாய். இலக்கை முதலில் முடிவு செய்தால் கடன் சிறிதாகும். கடனை முதலில் வாங்கிவிட்டால் பணம் வேறு செலவுக்குப் போய்விடும், மெஷின் வராது.

குழு செய்ய வேண்டியது

ஊக்குநரும் பிரதிநிதியும் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு உறுப்பினரின் பெயர், இலக்கு, முடிக்கும் தேதி, முதல் வேலை ஆகியவற்றை எழுதுங்கள். கூட்டம் முடியும் முன் ஒவ்வொருவரிடமும் "என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள். செய்யாதவர்களுக்கு அபராதம் வேண்டாம், திட்டவும் வேண்டாம். எது தடுத்தது என்று விசாரித்து, அடுத்த வேலையை இன்னும் சிறிதாக்குங்கள்.

கூட்டத்தில் பேச:

• எனக்காக மட்டும் கடைசியாக எதைத் திட்டமிட்டேன்?

• என் பெயரில் இப்போதுள்ள கடன் யாருடைய தேவைக்கு?

• அடுத்த கூட்டத்துக்குள் நான் முடிக்கும் ஒரு சின்ன வேலை என்ன?

மூன்றாவது கேள்விக்கான பதிலை இன்றே நோட்டில் எழுதிவிடுங்கள், சகோதரிகளே. எழுதத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் கொடுக்கட்டும்.