ஏஐயிடம் தமிழிலேயே கேளுங்கள், அது சொன்னதைச் சரிபாருங்கள்

வாட்ஸ்அப்பைத் திறந்ததும் கண்ணில் படும் அந்த வண்ண வட்டம்தான் மெட்டா ஏஐ. அதைத் தொட்டால் பணம் போய்விடுமோ என்று பயப்படுகிறவர்கள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். அது சொன்னதை நம்பி மாத்திரையின் அளவை மாற்றிக்கொள்ளத் துணிகிறவர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பாருக்காகவும் இதை எழுதுகிறேன். சாட்ஜிபிடி, ஜெமினி, கிளாட், கோப்பைலட் போன்ற மற்ற ஏஐ ஆப்களுக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை: ஆங்கிலம் தெரிந்தால்தான் பேச முடியும்.

தேவையே இல்லை. கூகுளின் ஜெமினி ஆப் 2024 ஜூனில் இந்தியாவுக்கு வந்தபோதே தமிழும் அதில் இருந்தது. பேச்சுத் தமிழில் கேட்கலாம். தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் புரிந்துகொள்ளும். தட்டச்சு வராதவர்கள் மைக்கைத் தொட்டுப் பேசலாம். வரும் பதில் சில சமயம் பாடப்புத்தகம் மாதிரி விறைப்பாக இருக்கும். "எங்க அம்மாவுக்குப் புரியுற மாதிரி சொல்லு" என்றால் இறங்கி வரும்.

நம்பிக்கை: கேட்பதற்கென்று தனி வித்தை இருக்கிறது.

அதற்கென்று வகுப்பு நடத்திப் பணம் வாங்குகிறார்கள். தொடங்குகிறவர்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்பதே என் கருத்து. "தெருவிளக்குக்கு மனு எழுது" என்று மட்டும் கேட்டால் எந்த ஊருக்கும் பொருந்தும் ஒரு வெற்று மனு வரும். இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "ஊராட்சித் தலைவருக்கு மனு வேண்டும். எங்கள் தெருவில் மூன்று விளக்குகள் இரண்டு வாரமாக எரியவில்லை. டியூஷன் முடிந்து பிள்ளைகள் இருட்டில் வருகிறார்கள். மரியாதையாக, அரைப் பக்கத்துக்குள் இருக்கட்டும்." யாருக்கு, எதற்கு, எவ்வளவு நீளம் என்று சொல்லிவிட்டீர்கள், அவ்வளவுதான். வந்தது பிடிக்காவிட்டால் "இரண்டாவது பத்தியைச் சுருக்கு" என்று தொடர்ந்து கேட்கலாம். அதற்கு அலுப்பே கிடையாது.

நம்பிக்கை: தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடும்.

அதிகம் பேர் ஏமாறுவது இங்கேதான். இந்த ஏஐகளுக்குள் விடைகளை அடுக்கி வைத்த அலமாரி எதுவும் இல்லை. கோடிக்கணக்கான பக்கங்களைக் கொண்டு, ஒரு சொல்லுக்கு அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணிக்கப் பழக்கப்படுத்தப்பட்டவை அவை. அதனால் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். தவறும்போதும் அதே உறுதியான குரலில்தான் சொல்லும்.

2023-இல் நியூயார்க்கில் ஏவியான்கா விமான நிறுவனத்தின் மீது நடந்த வழக்கில், பயணியின் வழக்கறிஞர்கள் சாட்ஜிபிடி கொடுத்த முன்தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். அவற்றில் ஆறு வழக்குகள் உலகில் எங்குமே நடக்கவில்லை. ஒரு வழக்கறிஞர் "இது உண்மையான வழக்குதானா?" என்று சாட்ஜிபிடியிடமே கேட்டிருந்தார். ஆமாம் என்றது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். சட்டம் படித்தவர்களுக்கே இந்த நிலை. ஏஐ சொன்னதை அதே ஏஐயிடம் கேட்டுச் சரிபார்ப்பது சரிபார்ப்பே ஆகாது.

நம் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். எண்ணைச் சொல்லித் திருக்குறள் கேட்டால், வள்ளுவர் எழுதாத இரண்டு அடிகளைக்கூடச் சில நேரம் எடுத்து நீட்டும். இப்போது பல ஏஐகள் இணையத்தில் தேடி, எங்கிருந்து எடுத்தது என்று இணைப்பும் தருகின்றன. அந்த இணைப்பைத் திறந்து பாருங்கள். பெயர், தேதி, தொகை, சட்டப் பிரிவு, மருந்தின் அளவு ஆகியவற்றை வெளியே சரிபார்க்காமல் நம்பவே கூடாது. அரசுத் திட்டத்துக்குக் கடைசி நாள் எது என்பதை அந்தத் துறையின் இணையதளத்தில் பாருங்கள், அல்லது இ-சேவை மையத்தில் கேளுங்கள்.

ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்ள ஏஐயின் உதவியை நாடலாம். கிரியாட்டினின் என்றால் என்ன, டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்று விசாரித்துக் குறித்துக்கொண்டு போகலாம். மாத்திரையைக் கூட்டுவதும் நிறுத்துவதும் டாக்டரின் வேலை.

நம்பிக்கை: நாம் பேசுவது நமக்குள்ளேயே இருக்கும்.

இருக்கும் என்று எண்ண வேண்டாம். நாம் அனுப்புவது ஆப்பை நடத்தும் நிறுவனத்துக்குப் போய்ச் சேருகிறது. 2023-இல் சாம்சங் ஊழியர்கள் சிலர் நிறுவனத்தின் மென்பொருள் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டிவிட்டார்கள். பிறகு அந்த நிறுவனம் இத்தகைய ஏஐ சேவைகளுக்கே அலுவலகத்தில் தடை போட்டது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, ஓடிபி, கடவுச்சொல் எதையும் ஏஐயில் போடாதீர்கள். மருத்துவ அறிக்கையைப் படமெடுத்து அனுப்பும்போது பெயரையும் தொலைபேசி எண்ணையும் மறையுங்கள். நம் உரையாடலைப் பயிற்சிக்கு எடுக்காமல் தடுக்கும் வசதி பல ஆப்களின் அமைப்புகளுக்குள் இருக்கிறது. முதல் நாளே அதைத் தேடிப் பாருங்கள்.

நம்பிக்கை: பணம் கட்ட வேண்டும்.

அன்றாடத் தேவைக்கு இலவசச் சேவையே போதும். ஆனால் அசலைப் போலவே பெயர் வைத்த போலி ஆப்களும் உண்டு. இறக்குவதற்கு முன் வெளியிட்ட நிறுவனத்தின் பெயரைப் பாருங்கள்.

முதல் கேள்வியாக உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றையே கேளுங்கள்: உங்கள் தொழில், உங்கள் ஊர்க் கோயில், நீங்கள் வருடக்கணக்காகச் செய்யும் ஒரு சமையல். எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே அடித்துவிடுகிறது என்று பத்தே நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தெரியாததை அதற்குப் பிறகு கேளுங்கள்.