கூத்து ஜமாவுக்கு ஓர் இணையப் பக்கம்

ஒன்பதாம் வகுப்புக் கணினிப் பாடவேளைக்கு ஏற்ற செயல்பாடு இது. ஊரில் தெருக்கூத்து ஜமா இருந்தால், அதற்குக் கூகுள் சைட்ஸில் இலவசமாகவே ஒரு பக்கம் அமைக்கலாம். மாணவர்கள் முதலில் வண்ணங்களில்தான் மூழ்குவார்கள். சற்று நேரம் விட்டுவிடலாம். பிறகு, கூத்து வைக்க விரும்பும் ஊர்ப் பெரியவர் என்னவெல்லாம் கேட்பார் என்று எழுதச் சொல்லுங்கள். கர்ண மோட்சம் ஆடுவீர்களா, எத்தனை பேர் வருவீர்கள், எந்த இரவு காலியாக இருக்கிறது, யாரிடம் பேசுவது? இவற்றின் விடைகளே பக்கத்தின் உள்ளடக்கம். படம் ஒன்று போதும். அதையும் அளவு குறைத்து ஏற்றினால்தான் கைப்பேசியில் விரைவாகத் திறக்கும். வாத்தியார் சம்மதித்த எண்ணை மட்டும் இடுங்கள். கணக்கும் அவர் பெயரிலேயே இருக்கட்டும். மாணவர் கணக்கில் தொடங்கினால், அவர் பள்ளியை விட்டுப் போனபின் தேதியை மாற்றக்கூட ஆளிருக்காது.