வயிற்றில் ஊசி, வேலை கல்லீரலில்!

கேள்வி: அப்பாவுக்கு 2 வருடம் முன்பு ஸ்டென்ட் வைத்தோம். மாத்திரை சாப்பிட்டும் எல்டிஎல் கொழுப்பு இறங்கவில்லை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் 'இன்க்ளிசிரான்' ஊசி ஒரு ஜீனின் வாயை அடைத்துவிடும் என்கிறார் டாக்டர். கேட்கவே பயமாக இருக்கிறது. வயிற்றுத் தோலில் போடும் மருந்து மற்ற உறுப்புகளின் ஜீன்களையும் கெடுத்துவிடாதா?
- ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் பயத்தை விடுங்கள். இந்த ஊசி அப்பாவின் மரபணுவைத் தொடுவதே இல்லை. செல்லின் உட்கருவில் இருக்கும் மூலப் பத்திரம் அப்படியேதான் இருக்கும். அதிலிருந்து எடுத்து வெளியே அனுப்பப்படும் நகலைத்தான் (எம்ஆர்என்ஏ) இது வெட்டுகிறது. பிசிஎஸ்கே9 என்ற புரதத்துக்கான நகல் அது. ரத்தத்திலிருந்து எல்டிஎல்லை இழுத்தெடுக்கும் கல்லீரல் ஏற்பிகளை அழிப்பது இந்தப் புரதம்தான். புரதம் குறைந்தால் ஏற்பிகள் பெருகும், கொழுப்பு இறங்கும். ஆய்வுகளில் எல்டிஎல் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

நீங்கள் கேட்ட இரண்டாவது விஷயம், அதாவது மருந்தை வேண்டிய உறுப்புக்கு மட்டும் கொண்டுசேர்ப்பதுதான், விஞ்ஞானிகளைப் பல வருடம் படுத்தியது. இந்த மருந்து ஒரு சிறு ஆர்என்ஏ துண்டு. அதை வெறுமனே ரத்தத்தில் விட்டால் நொதிகள் சிதைத்துவிடும். தப்பியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். 1998-இல் ஃபயரும் மெல்லோவும் ஒரு புழுவில் கண்டுபிடித்த, ஆர்என்ஏ துண்டால் நகலை அழிக்கும் இந்த உத்தி, 2018-இல்தான் பட்டிசிரான் என்ற முதல் மருந்தானது. அதைக் கொழுப்புத் துகளில் பொதிந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தக்குழாய் வழியே ஏற்ற வேண்டும்.

இன்க்ளிசிரானில் பொதியே கிடையாது. மருந்தின் வாலில் 'கால்நாக்' என்ற சர்க்கரையை மூன்று கிளையாக ஒட்டியிருக்கிறார்கள். கல்லீரல் செல்களின் மேல் இந்தச் சர்க்கரையைப் பிடிக்கும் ஏற்பிகள் லட்சக்கணக்கில் உண்டு. ரத்தத்தில் சுற்றிக் கிழடுதட்டிய புரதங்களைப் பொறுக்குவது அவற்றின் அன்றாட வேலை. அந்தப் பழைய வழக்கத்தில் மருந்தையும் உள்ளே இழுத்துக்கொள்கின்றன. மற்ற உறுப்புகளில் இந்த ஏற்பி ஏறக்குறைய இல்லை. உள்ளே போனதில் பெரும்பகுதி செல்லின் சிறு பைகளில் மாட்டிக்கொண்டு மெல்லக் கசிகிறது. இது குறைதான், ஆனால் ஆறு மாதம் தாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்!

இந்த அதிர்ஷ்டம் எல்லா உறுப்புக்கும் இல்லை. மூளைக்கும் தண்டுவடத்துக்கும் ரத்தம் வழியே மருந்து எளிதில் போகாது. எஸ்ஓடி1 மரபணுக் கோளாறால் வரும் ஏஎல்எஸ் என்ற நரம்பு நோய்க்கு 2023-இல் அமெரிக்கா அனுமதித்த டோஃபெர்சன் என்ற மருந்தை முதுகுத்தண்டு நீரிலேயே ஊசியால் செலுத்துகிறார்கள். தொடக்கத் தவணைகள் முடிந்தபின் 28 நாளுக்கு ஒருமுறை முதுகில் குத்து.

அப்பாவுக்கு முதல் ஊசிக்குப் பின் மூன்றாம் மாதம் அடுத்தது. அதன்பிறகுதான் ஆறு மாதக் கணக்கு. போட்ட இடம் சிவக்கலாம், வலிக்கலாம். ஊசி வந்துவிட்டதே என்று கொழுப்புக்கான ஸ்டேட்டின் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாரடைப்பைத் தடுப்பதில் அதற்குப் பல வருட அனுபவம் உண்டு, இது புதுசு.