ஒடுங்கிய படகும் பட்டறையின் காட்சி நாளும்

இங்கிலாந்தின் நடுநாட்டுக் கால்வாய்கள் பல மிக ஒடுங்கியவை. 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜேம்ஸ் பிரிண்ட்லி என்னும் பொறிவல்லார் அவற்றை வகுத்தபொழுது, படகை மேட்டிற்கு ஏற்றவும் பள்ளத்திற்கு இறக்கவும் உதவும் மதகுத் தொட்டிகளை ஏறத்தாழ 7 அடி அகலமாகவே அமைத்தார். அகலம் குறையின் செலவுங் குறையும், நீருங் குறையும் அன்றோ! அவ்வளவே இன்றும் படகு கட்டுவோரை ஆள்கின்றது. படகின் நீளம் 70 அடியையும் எட்டலாம். அகலமோ 6 அடி 10 அங்குலத்தை அடுத்து நின்றுவிடும். இதுபற்றியே அஃது 'நாரோபோட்', அஃதாவது ஒடுங்கிய படகு, எனப் பெயர் பெற்றது.

பண்டு இப்படகுகள் மரத்தாலாயவை. பக்கங்கட்கு ஓக் மரமும் அடிக்கு எல்ம் மரமும் இட்டு, சந்துகளில் நார் திணித்துக் கீல் பூசுவர். நம் கப்பல் தச்சர் கலப்பற்று என்று கூறுவது இதுவே. கீலொடு குதிரைச் சாணமும் பசுவின் மயிருங் கலந்து காய்ச்சிய ஒருவகைப் பூச்சும் அவர்களிடம் இருந்தது. குதிரை இழுக்க, 25 டன் வரை நிலக்கரி முதலியன சுமந்து சென்றன. இருப்புப்பாதை தோன்றிய பின் வாணிகம் தேய்ந்தது. 1962-63 குளிர்காலத்தில் கால்வாய்கள் பல வாரம் உறைந்து கிடக்க, எஞ்சிய சரக்குப் போக்கும் பெரும்பாலும் ஒழிந்தது. எனினும் எல்.டி.சி. ரோல்ட் என்பார் 1939-இல் பான்பரி நகரத்து டூலி பட்டறையில் தம் படகைச் செப்பஞ் செய்துகொண்டு புறப்பட்டு, அச்செலவை 1944-இல் நூலாக வெளியிட்டனர். அதன் பின் இப்படகைப் பொழுதுபோக்கிற்கு மட்டுமன்றி வீடாகவும் விரும்புவோர் பெருகினர்.

இக்காலத்துப் படகு எஃகாலாயது. அடித்தகடு பெரும்பாலும் 10 மில்லிமீட்டர், பக்கம் 6. தகடுகளை ஒட்டவைத்தபின் உட்புறமெங்கும் குளிர் தடுக்கும் நுரையைப் பீச்சி, அதன்மேல் பலகை அறைந்துவிடுவர். படகு நிலையாய் மிதத்தற்பொருட்டு வைக்கும் செங்கல் முதலிய அடிப்பாரமும் தரைப்பலகையின் கீழ் மறையும். வாங்குவோரோ வேலை நடக்குந்தோறும் தவணை தவணையாகப் பணங் கொடுப்பவர். ஒட்டின் நன்மை தீமையை அவர் பின்னர்க் காண்டல் அரிது. ஆதலின், பட்டறை பொதுமக்களுக்குத் திறக்கப்படும் நாளில் மெருகேற்றிய படகு ஒன்றை மட்டும் நிறுத்துதல் போதாது என்பது என் துணிபு. நுரை பீச்சப்படாத வெற்றெஃகுக் கூடு ஒன்றும் அருகே நிற்றல் வேண்டும். அழகிய அடுப்பையும் சுவரில் எழுதிய ரோசா மலர்களையும் எவரும் காட்டுவர். மூட்டைக் காட்டுபவரே தம் தொழிலைக் காட்டுபவர்.

ஆயத்தம் சில நாட்களுக்கு முன்னரே தொடங்கும். முதற்கண் எஃகைத் தேய்க்கும் வேலை நிற்றல் வேண்டும். அத்தூள் புது வண்ணத்திற் படிந்து நனையின், துருப்புள்ளிகளாய்ப் பூத்துவிடும். தரையைப் பெருக்கி, மின்கம்பிகளைச் சுருட்டி மேலே தொங்கவிட்டு, வாயு உருளைகளை நிமிர்த்திச் சங்கிலியாற் பிணிப்பர். உலர்துறையின் விளிம்பிற்கும் நீர்க்கரைக்கும் வேலி இட்டு, மிதவை வளையம் எட்டும் இடத்தில் மாட்டுவர். கட்டைகளின்மேல் நிற்கும் படகுகளுக்கு முட்டுக்கள் உறுதியோ எனத் தட்டிப் பார்ப்பர்.

மின்சுடரால் எஃகை ஒட்டுங் காட்சியைச் சிறுவர் மிக விரும்புவர். ஆயின் அவ்வொளியை வெறுங்கண்ணாற் கண்டவர்க்குச் சில மணி நேரங் கழித்தே வலி தோன்றுமாதலால், கண்டபொழுது தீங்கு தெரியாது. தக்க திரை இன்றேல் அன்று அவ்வேலை செய்யாதிருத்தலே நன்று. நீரில் மிதக்கும் படகினுள் ஒரே முறையிற் பலரை விடுதலுங் கூடாது. அனைவரும் ஒருபுறச் சாளரத்தை நாடின், படகு அப்புறஞ் சாயும். வாயிலில் ஒருவர் நின்று, இறங்கினோரை எண்ணி ஏறுவோரை விடுவர்.