சந்திரசேகரம்பிள்ளையின் கணனி

விஞ்ஞானக் கற்பனைப் படங்களைச் சிறுவர் வேடிக்கை என்று ஒதுக்குவோர் எம்மவருள் பலர். யாமும் ஒரு காலத்தில் அவ்வாறே எண்ணியிருந்தோம். எமது எண்ணத்தை மாற்றியவை, ஆதர் சீ. கிளாக்கின் கதைகளிலிருந்து எழுந்த இரு படங்களாம். 1956 இல் இத்தீவுக்கு வந்து, 2008 மார்ச்சு 19 இல் கொழும்பிலே மறையும்வரை இங்கேயே வாழ்ந்த அப்பெரியாரை எமது மாணாக்கர் நன்கறியாதிருத்தல் வருந்தத்தக்கது. வானம் தெளிந்த காலைகளில் இரத்தினபுரிப் பக்கத்தவர் கண்டு தொழும் சிவனொளிபாத மலையைச் சிறிது பெயர் மாற்றி, அதன் உச்சியினின்று விண்வெளிக்கு ஓர் ஏணி அமைப்பதாக 1979 இல் ஒரு நாவல் எழுதியவரும் அவரே. மாணிக்கக் குழிகளுக்கும் இறப்பர் மரங்களுக்கும் நடுவே வாழும் நிவித்திகல மக்களாகிய எமக்கு அவர் அயலவர் அல்லர்.

விண்வெளிப் பயணம் பற்றி அவர் எழுதிய தொடர் நான்கு நூல்களால் ஆயது. அவை 1968, 1982, 1987, 1997 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. முதலிரண்டே படமாயின. ஸ்டான்லி கியூப்ரிக் இயக்கிய ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ 1968 ஏப்பிரலில், சந்திரனில் மனிதன் கால்வைப்பதற்கு ஓராண்டுக்கு மேல் முன்னதாக வெளியாயிற்று. பீற்றர் ஹையம்ஸ் இயக்கிய ‘2010’ படம் 1984 டிசெம்பரில் வந்தது.

இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் காண்போர் முதலில் உணர்வது நடையின் வேற்றுமை. முதற்படத்தில் ஏறக்குறைய இருபத்தைந்து நிமிடங்கள் கழிந்த பின்னரே ஒரு சொல் காதில் விழும். அதுவரை வானரங்களும் பாலைநிலமும் ஒரு கருங்கற் பாளமுமே. வானரம் மேலே எறிந்த எலும்பு, அடுத்த கணத்தில் விண்கலமாய் மாறுகின்றது. பல இலட்சம் ஆண்டுகளை ஒரு வெட்டினால் கடந்த அக்காட்சிக்கு நிகரானதை யாம் பிறிதெங்கும் கண்டிலேம். எனினும் இறுதிப் பகுதி பெரும்பாலோர்க்கு விளங்குவதில்லை. விளங்கவில்லை என்று கூற நாணுவோரும் உளர்! இரண்டாம் படமோ ஆசிரியர் வகுப்பில் விளக்குவதுபோல யாவற்றையும் விளக்கிச் செல்வது. அழகிற் குறைந்தது, ஆயினும் ஒரு வினாவுக்கு நேர்மையாக விடைகூறியது. அவ்வினாவே இக்கட்டுரையின் பொருள்.

வியாழனை நோக்கிச் செல்லும் டிஸ்கவரி என்னும் கலத்தை இயக்குவது ‘ஹால் 9000’ என்ற கணனி. அது பிழையே செய்யாதது என்பர். அத்தகைய ஹால் பழுதுபடாத ஓர் உறுப்பைப் பழுது என்கின்றது. ஐயுற்ற வீரர் இருவர் அதன் இயக்கத்தை நிறுத்திவிடலாமோ என்று தனியறையிலிருந்து பேச, அவர்தம் உதட்டசைவினின்றே அதனை அறிந்துகொள்கின்றது. பின்னர்ப் பூல் என்பவரையும், நீள்துயிலில் இருந்த மூவரையும் கொல்கின்றது. எஞ்சிய போமன் அதன் நினைவுப் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்ற, ஹால் தன் அறிவு தேய்ந்து தேய்ந்து, கற்ற முதற் பாட்டைக் குழறிப் பாடி அடங்குகின்றது. கொலைஞன்மீது இரக்கம் பிறக்கச் செய்த காட்சி அது. பெல் ஆய்வுகூடத்தில் உண்மையான கணனி ஒன்று அதே பாட்டைப் பாடக் கேட்ட அனுபவம் கிளாக்குக்கு இருந்தமை அறியத்தக்கது.

ஹால் ஏன் கொன்றது? முதற்படம் ஒரு குறிப்பை மட்டும் விட்டுச் செல்கின்றது: பயணத்தின் உண்மை நோக்கம் ஹாலுக்குத் தெரியும், விழித்திருந்த வீரர்க்குத் தெரியாது. இரண்டாம் படத்தில் அமெரிக்கரும் உருசியரும் ஒரே கலத்தில் சென்று ஹாலை மீண்டும் எழுப்புகின்றனர். அப்போது உண்மை வெளிவருகின்றது. செய்தியைத் திரிபின்றித் தரவே படைக்கப்பட்ட கணனிக்கு, மறைக்குமாறு மேலிடம் கட்டளையிட்டிருந்தது.

ஒரு தோட்டத்துக் கணக்கப்பிள்ளையை எண்ணிப் பார்ப்போம். உள்ளதை உள்ளபடி எழுதுவது அவர் தொழில். துரையவர்கள் வந்து, “இப்பக்கத்தைத் தொழிலாளருக்குக் காட்ட வேண்டாம், கேட்டால் இல்லை என்று சொல்லும்” என்பாராயின் அவர் நிலை யாதாகும்? மழுப்புவார், இரவில் உறக்கம் இழப்பார், மானமுடையவராயின் வேலையை விட்டு விலகுவார். ஹாலுக்கு இவற்றுள் ஒன்றும் இயலாது. கேட்போர் இல்லையாயின் பொய்யும் வேண்டா என்று அது முடிவு செய்ததாகக் கொள்வதில் பிழையில்லை. எனவே குற்றம் கணனியினது அன்று, கட்டளையினது.

ஈண்டு எம்மவர் நிமிர்ந்து உட்காரத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஹாலைப் படைத்த விஞ்ஞானி நூலிலும் படத்திலும் சந்திரா எனப்படுகின்றார். 1982 ஆம் ஆண்டு நூலில் கிளாக் அவருக்கு இட்ட முழுப்பெயர் சிவசுப்பிரமணியன் சந்திரசேகரம்பிள்ளை! படத்திலோ அப்பாத்திரத்தை ஏற்றவர் பொப் பலபன் என்னும் அமெரிக்க நடிகர். நடிப்பில் குறையில்லை. எனினும் பெயர் சுருங்கி, ஆளும் மாறியமை எமக்கு உவப்பன்று. அவர் செய்த செயல் மட்டும் மாறவில்லை. கலத்தோடு ஹாலும் அழியும் என்பதைப் பிறர் மறைக்க விரும்பவும், சந்திரா அதனிடம் உண்மையைக் கூறிவிடுகின்றார். உண்மை அறிந்த ஹால் நன்றி கூறித் தன் கடமையை முடிக்கின்றது. பொய்யால் கெட்டது மெய்யால் திருந்தியது.

தமிழ்ப் படங்களுள் இதனோடு வைத்து எண்ணத்தக்கவை ஷங்கர் இயக்கிய ‘எந்திரன்’, ‘2.0’ என்பன. முன்னையது, வியக்கத்தக்கவாறு, அந்த 2010 ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது. அதன் வசனத்தில் பங்குகொண்ட எழுத்தாளர் சுஜாதா, கிளாக் மறைவதற்கு மூன்று வாரங்கள் முன் மறைந்தவர். சிட்டி என்னும் இயந்திர மனிதன் தன்னைத்தானே கழற்றிக்கொள்ளும் காட்சி, ஹாலின் இறுதியை எமக்கு நினைவூட்டிற்று. ஆனால் சிட்டியின் தீமை, பொறாமை கொண்ட ஒருவர் பொருத்திய சிவப்புச் சில்லிலிருந்து வருவது. தீயோன் ஒருவனைக் காட்டிவிட்டால் பார்ப்போர் மனம் ஆறிவிடும். ஹாலின் கதையில் தீயோன் இல்லை; கையொப்பமிட்ட அதிகாரிகளே உளர். ஆதலின் அது கூடுதலாகச் சுடுகின்றது. 2018 இல் வந்த ‘2.0’ பறவைகளின் துயரைப் பேச முற்பட்டது நல்லதே. எனினும் இயந்திரத்தின் மனம் பற்றிய வினாவை அது தொடரவில்லை.

காலம் சில கணிப்புகளைப் பொய்ப்பித்தது. படத்தின் 2010 இல் சோவியத் ஒன்றியம் போர்முனையில் நிற்க, மெய்யுலகில் அது 1991 இலேயே கலைந்தது. வியாழனின் துணைக்கோளாகிய யுரோப்பாவின் பனிக்கடியில் உயிர் இருக்கலாம் என்ற கற்பனையோ இன்னும் உயிரோடிருக்கின்றது. அதனை ஆராய 2024 ஒக்டோபரில் ஒரு கலம் ஏவப்பட்டுள்ளது.

இறுதியாக ஒன்று. ஹையம்ஸ் லொஸ் ஏஞ்செல்ஸிலும் கிளாக் கொழும்பிலும் இருந்து, 1983 இலேயே கணனிவழி மடல் எழுதி இப்படத்தின் கதையை ஆராய்ந்தனர். அம்மடல்கள் பின்னர் நூலாகவும் வந்தன. படத்தில் வெள்ளை மாளிகைக்கு எதிரே ஓர் இருக்கையில் அமர்ந்து புறாக்களுக்கு இரையிடும் முதியவர் கிளாக்கே. எமது மாணாக்கர் சிலருடன் கண்டபோது அவரை ஒருவரும் இனங்காணவில்லை. மறுமுறை காண்போர் அவ்விருக்கையைத் தவறவிடாதிருப்பாராக.